பெயர் பிறகு சொல்லப்படும்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறைக்கவேண்டும் என்று ஒன்றுமில்லை. அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. எதை எழுதினாலும் மற்றப் பெயர்க்காரன் கோபித்துக்கொள்வான் என்று ஒரு பயம். வேலையிடத்தில் எல்லோரும் அவரை அண்ணை என்றோம். அதுவே இருக்கட்டும்.

ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. படித்துக்கொண்டே நான் அங்கே பகுதிநேர வேலை செய்தேன். அப்பாவுக்கு மன்னாரில் கடல்தொழில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் என்பதால், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும் என்ற பிடிவாதம் அந்த வயதில் எனக்கு அதிகம். அண்ணை விஷயத்தில் அது இன்றுவரை அகப்படவில்லை.

கன்டீன் சுவரில், எட்டாத உயரத்தில் ஒரு தொலைக்காட்சி. ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. கடைசியாக யாரோ விட்டுப்போன விளையாட்டுச் சானலிலேயே அது நின்றது. எங்கள் மத்தியான இடைவேளையில் அதில் முதல்நாள் நடந்த அமெரிக்க பேஸ்போல் ஆட்டம் ஓடும். முதலில் எரிச்சல், பிறகு பழக்கம், பிறகு எங்களுக்கென்று ஒரு அணியே வந்துவிட்டது. ஏரிக்கரை நகரம் ஒன்றின் அணி. நாங்கள் பார்த்த முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி அடைந்தது.

"தோக்கிறவைதான் எங்கடை ஆக்கள் மச்சான்" என்று சுதன் அதைத் தத்தெடுத்தான். சுதன் செவன் கிங்ஸிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறவன், என்னோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவன், வாய் மூடாதவன். வீரர்களின் நீளப் பெயர்களைத் தள்ளிவிட்டு தாடி, நெடுவல், உருண்டை என்று பட்டம் வைத்தவனும் அவன்தான்.

ஆட்டத்தைவிட ஆள்மாற்றம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. இங்கத்தையக் கால்பந்தில் காசைக் கொடுத்து ஆளை வாங்குவார்கள். பேஸ்போலில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள். ஒருவன் வேண்டுமென்றால் உங்களிடம் உள்ள ஒருவனைக் கொடுக்கவேண்டும். கோடையின் நடுவில் அதற்கொரு கெடு நாள் உண்டு. அது நெருங்க நெருங்க எங்கள் மேசை சந்தை மாதிரி இரையும்.

"நெடுவலைக் குடுத்திட்டு அந்த இடக்கையனை எடுக்கோணும்" என்பான் சுதன்.

"நெடுவலை எடுக்க அவங்களுக்கென்ன விசரே? உன்னைக் குடுத்தாலும் ஒரு கோப்பி தரமாட்டாங்கள்." இது யோகம் அக்கா. எங்கள் வரிசையின் சுப்பர்வைசர். விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது, அபிப்பிராயம் மட்டும் உண்டு.

அண்ணை மேசையின் ஓரத்தில் இருந்து, சோற்றுப்பெட்டியை மெதுவாக மூடிக்கொண்டு கேட்பார்.

"சரி, எடுங்கோ. ஆரைக் குடுக்கிறியள்?"

அந்தக் கேள்வியை அவர் விளையாட்டுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. சனிக்கிழமை லீவு கேட்டால் "ஆரைக் குடுக்கிறாய்?" வேறு ஷிப்டுக்கு மாறப்போகிறேன் என்றால் "ஆரைக் குடுக்கிறாய்?" யோகம் அக்காவின் மகளுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அக்கா எல்லோருக்கும் லட்டு கொண்டுவந்தா. அண்ணை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"சந்தோசம் அக்கா. ஆரைக் குடுத்தனியள்?"

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "நல்ல நாளிலை வாயைக் கழுவிப்போட்டுக் கதையும்" என்று லட்டுப் பெட்டியை மூடிவிட்டா. அவர் நெடுநேரம் அந்த லட்டைச் சாப்பிடவில்லை. பதில் வராத கேள்விக்குப் பக்கத்தில் சாப்பிட முடியாதவர் மாதிரி இருந்தார்.

இன்னொரு பழக்கம் இதைவிடச் சங்கடமானது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீள வாங்கைக் கமெரா கடந்து போகும். அண்ணை திடீரென்று சொல்வார்.

"இவன் வெளிக்கிட்டிட்டான்."

"ஆரண்ணை? தாடியோ? அவனைக் குடுக்கமாட்டாங்கள், அவன்தானே உயிர்."

"உடம்புதான் இஞ்சை நிக்குது. நிக்கிற நிலையைப் பார். ஆள் போயிட்டான்."

அடுத்த கிழமை தாடி வேறு அணியின் சட்டையோடு திரையில் நின்றான். அதற்குப் பிறகு உருண்டை. அதற்குப் பிறகு நாங்கள் பெயரே வைக்காத ஒரு புதுப் பெடியன். தற்செயல் என்றுதான் நான் சொன்னேன். ஒரு அணியில் இத்தனை பேர், கெடுவுக்கு முன் போகிறவர்கள் இத்தனை பேர் என்று சுதனுக்குக் கணக்கே போட்டுக் காட்டினேன். பிறகு ஒருநாள், எதிரே தட்டுகளில் வெண்ணெய்க்கட்டி வைக்கும், கோவாவிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்து அவர் அதே குரலில் "அந்தப் பிள்ளை வெளிக்கிட்டிட்டுது" என்றார். அவள் அப்போது சிரித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை அவளைக் காணவில்லை. தகப்பன் இறந்து ஊருக்குப் போய்விட்டாள் என்றும் இனி வரமாட்டாள் என்றும் பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கணக்குப் போடுவதை நிறுத்தினேன்.

"அண்ணை, என்ரை பக்கம் பாக்காதேங்கோ. எனக்கு ஆவணியிலை கலியாணம்" என்று சுதன் தட்டால் முகத்தை மறைத்துக்கொள்வான். எல்லோரும் சிரிப்போம். அண்ணையும் சிரிப்பார். சிரிக்கும்போது இடது புருவம் இரண்டாகப் பிரியும். அதை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு இருந்தது, அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. ஜேர்மனியில் இருந்த காலத்தில் பனியில் சறுக்கி விழுந்த காயம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் இடைவேளையில் அவர் எங்களோடு இருப்பதில்லை. குளிர்அறைக்குப் பின்னால், வெற்றுப் பெட்டிகள் அடுக்கிய முற்றத்தில் நின்று அம்மாவோடு கதைப்பார். மூடித்திறக்கும் பழைய போன். ஒருநாள் பெட்டி எடுக்கப் போனவன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். முதலில், பெட்டிகளுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குரல் இளசு. இருபது வயதைத் தாண்டாத குரல். சொல்லை இழுத்து முடிக்கும் விதம் தீவுப்பக்கத்தது. அண்ணை எங்களோடு பேசும் பேச்சில் அந்த இழுவை இல்லை. "இல்லையணை அம்மா, குளிர் இல்லையணை" என்று செல்லமாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது அந்தக் குரல். எட்டிப் பார்த்தேன். நரைத்த தலையோடு அவர்தான் நின்றார். போனை மூடியதும் என்னைக் கண்டு, வழமையான கட்டைக் குரலில், "பெட்டியோ தம்பி? இந்தா" என்று எடுத்துத் தந்தார்.

அந்தக் கோடையில் எங்கள் அணி இடக்கையனை உண்மையிலேயே எடுத்துவிட்டது. சுதன் கதிரையில் ஏறி நின்று கூத்தாடினான். பதிலுக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், திரையின் அடியில் ஓடிய எழுத்தில் ஒரு பெயரும் இல்லை.

"பேர் பிறகு சொல்லப்படும் ஆளாம்" என்று நான் வாசித்தேன்.

"அதென்ன தம்பி?" என்றார் அண்ணை.

எனக்கும் தெரியவில்லை. சுதனுக்குத் தெரிந்திருந்தது. "அப்பிடி ஒரு முறை இருக்கண்ணை. இப்ப ஆளை எடுக்கலாம், ஆரைக் குடுக்கிறதெண்டதைச் சில மாசத்துக்குள்ளை சொன்னாக் காணும். அதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது, போகப்போறவனுக்கே தெரியாது. ஒருக்கால் பகிடி என்னெண்டா, ஒருத்தனை இப்பிடி எடுத்துப்போட்டு, கடைசியிலை பேர் சொல்லேக்கை அவனையே திருப்பிக் குடுத்திட்டாங்களாம். தனக்குப் பதிலாத் தானே போனவன்!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. கரண்டியைப் பெட்டிக்குள் வைத்தார். "அப்ப இடையிலை விளையாடினவன் ஆர்?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம்.

அன்று வேலை முடிந்து அண்ணையும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். மேல்தட்டு, முன்வரிசை. வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தலைக்கு மேலே போகும்வரை பேச்சை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

"உக்ரேனிலை ஒரு வீடு தம்பி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களைக் கன காலம் அடைச்சு வைச்சிருந்தவன். நானும் தீவுப்பக்கத்துப் பெடியன் ஒருத்தனும் ஒரு போர்வைக்குள்ளை. எனக்கு முதல் போற லொறி. அவனுக்குப் பிறகு வாற கார். அவனுக்குப் பொறுமை இல்லை. அம்மான்ரை குரலைக் கேக்கோணுமெண்டு அழுவான். 'நான் முன்னுக்குப் போறன், நீங்கள் காரிலை வாங்கோ' எண்டான். நானும் சரியெண்டன். ஏஜென்சிக்காரன் சொன்னான், வழியிலை இருக்கிற ஆக்களுக்குப் பேரெல்லாம் குடுத்தாச்சு, இனி மாத்தேலாது, நீங்களே பேரை மாத்திக்கொள்ளுங்கோவெண்டு. சிரிச்சுச் சிரிச்சு மாத்தினம். அவன் என்ரை பேரோடை லொறியிலை ஏறினான்."

ஒரு விமானம் போனது.

"லொறி போய்ச் சேரேல்லை. எங்கை நிண்டதெண்டு இண்டைவரைக்கும் ஆருக்கும் தெரியாது. லொறியிலை இருந்தது என்ரை பேர். எங்கடை வீட்டிலை நான் செத்திட்டனெண்டு எனக்கு அந்தியேட்டியும் செய்திட்டினம்."

"நீங்கள் உயிரோடை இருக்கிறனெண்டு சொல்லேல்லையோ?"

"ஜேர்மனியிலை இறங்கின உடனை ஏஜென்சிக்காரன் போனை அடிச்சுத் தந்தான். அவன்ரை பேருக்கு இருந்த நம்பர். அங்காலை ஒரு மனுசி, 'தம்பி' எண்டா. தடிமன் பிடிச்சு எனக்குக் குரல் அடைச்சிருந்தது. 'ஓம் அம்மா' எண்டிட்டன். அடுத்தமுறை சொல்லுவம் எண்டு இருந்தன்." கையை விரித்தார். "எங்கடை வீட்டுக்குச் சொன்னா அந்த மனுசிக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளை, ரெண்டு அம்மா. ஆரைக் குடுக்கிறது?"

அவருடைய சொந்த அம்மா சில வருடங்களில் இறந்துவிட்டா. மற்ற அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை போய் வெகுகாலம். ஞாயிற்றுக்கிழமைக் குரல் ஒன்றே அவவுக்கு மகன். இப்போது அவவோடு இருக்கும் பேத்தி வளர்ந்து, முகம் பார்த்துக் கதைக்கும் பெரிய போன் வாங்கிவிட்டாள். கண்ணுக்கு ஒப்பரேசன் நாளும் குறித்தாகிவிட்டது. கட்டு அவிழ்த்ததும் மகனைப் பார்க்கவேண்டும் என்று கிழவி ஒற்றைக்காலில் நிற்கிறா. அண்ணையின் பயமெல்லாம் அதுதான். முகத்தைக் காட்டினால், இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்த அவவுடைய பிள்ளை அந்த நிமிடமே செத்துப்போவான்.

"அவன் முகம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"சிவலைப் பெடியன். நீட்டு முகம். ஒரு காயம் தழும்பு கிடையாது. என்னோடை பக்கத்திலை வைச்சா ஒரு குருடனும் ஆளை மாத்திச் சொல்லமாட்டான்."

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இரண்டு ஞாயிறு போன் பழுதென்றார். மூன்றாம் ஞாயிறு, கிழவி சாப்பிட மறுக்கிறா என்று பேத்தி அழுதாளாம். கெடு நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, உன்ரை போனிலை முகம் காட்டலாமல்லோ?"

"என்ன சொல்லப்போறியள் அண்ணை?"

"அவ என்னைப் பாத்து ஆரெண்டு கேப்பா. அப்ப பேரைச் சொல்லுவன்."

கன்டீனில் அந்நேரம் ஆள் இல்லை. தொலைக்காட்சியில் எங்கள் அணி சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தலையை ஈரக்கையால் படிய வாரிக்கொண்டு அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவர் முகத்துக்கு எதிரே போனைப் பிடித்தபடி நான் பக்கவாட்டில் நின்றேன்.

முதலில் பேத்தியின் முகம், பிறகு ஒரு சுவர், பிறகு திரை நிறையக் கிழவி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவ போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தா. நெடுநேரம் பார்த்தா.

"தலையெல்லாம் நரைச்சுப்போச்சு" என்றா.

அண்ணை படிய வாரிய தலையை இன்னொருமுறை தடவிக்கொண்டார்.

"மற்றும்படி அப்பிடியே இருக்கிறாயடா. புருவத்துக் காயமும் மாறேல்லை. பனங்குத்தியிலை விழுந்து வெட்டினது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடின ஓட்டம் எனக்கெல்லோ தெரியும்."

"அது... ஜேர்மனியிலை..." என்று தொடங்கினார் அண்ணை. கை தானாகப் புருவத்துக்குப் போனது.

"என்ன ஜேர்மனி? பிள்ளை, அந்தப் படத்தை மாமாவுக்குக் காட்டு."

பேத்தி போனைத் திருப்பினாள். நீலச் சுவரில் ஒரு கறுப்புவெள்ளைப் படம். பள்ளிக்கூடச் சட்டை, பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெடியன். கறுத்த, வட்டமான முகம். இடது புருவம் இரண்டாகப் பிரிந்திருந்தது. படத்தையும் கதிரையில் இருந்தவரையும் நான் மாறிமாறிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரே ஆள்.

மிச்சப் பேச்சு வழமையானதுதான். சாப்பிட்டாயா, குளிரா, அடுத்த கிழமையும் முகத்தைக் காட்டு. அண்ணை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், தீவுப்பக்கத்து இழுவையோடு, அந்த இளங்குரலில். முதன்முறையாக அந்தக் குரல் அவருடைய வாயிலிருந்து வருவதை நேருக்கு நேர் பார்த்தேன்.

போனை அணைத்ததும் சொன்னேன். "அண்ணை, அது நீங்கள். நீங்கள்தான் அவவின்ரை மகன்."

"ஓம்" என்றார், கட்டைக் குரலில். "நல்ல வடிவாத் தெரியுது." சிறிது நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, வழி கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப லொறியிலை போனவன் ஆர் தம்பி?"

படித்தவன் என்ற முறையில் நான் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். அவர்தான் காரில் வந்த மகன். பெயர் மாற்றியதும் உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லொறியில் போன நண்பனின் பாரம் தாங்காமல், வருடக்கணக்காக அவனைத் தனக்குள் ஏற்றி வைத்து, தானே அவன் என்று நம்பிவிட்டார். இப்படி நடக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆனால் அவர் எழுந்து நின்றதைப் பார்த்ததும் அந்த விளக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு தோள் சற்று இறங்கி, கைகள் வெறுமையாகத் தொங்க, கண் எங்கோ இருக்க நின்றார். அந்த நிலையை அவர்தான் எனக்குக் காட்டித் தந்தவர். தாடியும் அப்படித்தான் நின்றான்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. டூட்டிங்கில் ஒரு கடைவாசலில் கண்டதாகவும், கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சுதன் சொன்னான். "எந்தப் பேராலை கூப்பிட்டனீ?" என்று கேட்டா யோகம் அக்கா. அவவுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு அவவே மிரண்டுபோய் நின்றா.

இலையுதிர் காலத்தில், திரையின் அடியில் எங்கள் அணி கொடுக்கவேண்டிய ஆளின் பெயர் ஓடியது. யாரும் கேள்விப்படாத பெயர். சுதன் அதற்குப் பட்டம் வைக்கவில்லை.

அந்தக் கிழமைதான் கிழவியின் பேத்தி எனக்குப் போன் எடுத்தாள். அன்று வீடியோவில் கதைத்த இலக்கத்தை வைத்திருந்திருக்கிறாள்.

"அண்ணா, உங்களுக்கு இப்பிடி ஒரு ஆளைத் தெரியுமோ?" என்று ஒரு பெயரைச் சொன்னாள். எனக்குத் தெரியாத பெயர். "புதன்கிழமை லண்டனிலையிருந்து போன் எடுத்தவர். வயசான கட்டைக் குரல். எங்கடை பக்கத்துப் பேச்சில்லை. அம்மம்மாவிட்டை, 'லொறியிலை போனவன் நான்தான் அம்மா, உங்கடை மகன் தன்ரை இடத்தை எனக்குத் தந்தவன், அவன் இப்ப உயிரோடை இல்லை' எண்டு அழுதவர். அம்மம்மாவுக்கு வந்த கோவம்! 'என்ரை பிள்ளையை என்ரை கண்ணாலை பாத்தனான், நீ ஆரடா அவனைச் சாக்காட்ட' எண்டு பேசிப்போட்டுக் கட் பண்ணிட்டா."

"மாமா பிறகு எடுத்தவரோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஞாயிற்றுக்கிழமை வழமைபோலை எடுத்தவர். சின்னப் பிள்ளை மாதிரித்தானே கதைப்பார், அப்பிடித்தான். நான் அவரிட்டை எல்லாம் சொன்னன், இப்பிடி ஒரு விசரன் எடுத்தவன், லொறியிலை போனவன் தான்தான் எண்டவன், இந்தப் பேர் சொன்னவன் எண்டு."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"பெரிய சந்தோசம் அண்ணா, அழுகிறாரோ சிரிக்கிறாரோ எண்டு விளங்கேல்லை. ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். 'அவன் வந்து சேந்திட்டானோ?'"